மதனநீர் சாட்சி சொல்லாது: பெண் உடலின் ஈரம் எங்கிருந்து வருகிறது?

கல்யாணமான புதிதில் பல வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத இரண்டு சந்தேகங்கள் உண்டு. உறவின்போது பெண்ணுக்கு ஈரம் வரவில்லை என்றால், ‘இவளுக்கு என்னைப் பிடிக்கலையோ?’ என்று ஒரு சந்தேகம். ஈரம் அதிகமாக இருந்தால், ‘இவளுக்கு முன்னாடியே அனுபவம் இருக்குமோ?’ என்று இன்னொரு சந்தேகம். வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம்.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். பெண் உடலில் ஊறும் ஈரம் அவள் மனதின் வாக்குமூலம் என்ற நம்பிக்கை. ஆண்களிடம் மட்டுமில்லை, பெண்களிடமும் இது இருக்கிறது. ‘எனக்கு ஏதோ குறை’ என்று வருடக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். ‘என் உடம்பே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது’ என்று குற்ற உணர்ச்சியில் தவிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த ஈரம் உடலின் எந்தப் பகுதியிலிருந்து, எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டாலே இந்தச் சந்தேகங்களில் பாதி உதிர்ந்துவிடும். பள்ளிப் பாடம் இனப்பெருக்க மண்டலத்தின் படத்தோடு நின்றுவிடுகிறது. மிச்சத்தை ஆபாச வீடியோவும் நண்பர்களின் கதைகளும் சொல்லிக்கொடுக்கின்றன.

ஒரே பெயர், பல நீர்கள்

தமிழில் இதற்கு ‘மதனநீர்’ என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. மதனன் என்றால் மன்மதன். அழகான சொல்தான். ஆனால், அதில் இரண்டு சிக்கல்கள். பல இடங்களிலிருந்து வரும் வெவ்வேறு நீர்களை அது ஒன்றாக்கிவிடுகிறது. கூடவே, ஈரம் என்றால் ஆசை என்று பெயரிலேயே முடிவு கட்டிவிடுகிறது.

உண்மையில் பெண்ணின் பிறப்புறுப்பில் தென்படும் ஈரத்துக்குக் குறைந்தது நான்கு ஊற்றுகள் உண்டு. யோனியின் சுவர், அதன் வாசலில் உள்ள சுரப்பிகள், சிறுநீர்த் துளையை ஒட்டிய சுரப்பிகள், கருப்பை வாய். இதில் எல்லாமே பாலுறவோடு சம்பந்தப்பட்டவை அல்ல.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. பெண்ணுக்கும் ஆணைப்போல நீர் வெளிப்படுமா, வெளிப்பட்டால் எப்போது என்ற விவாதம் வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்திலேயே வருகிறது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் பெண்ணுக்கு வித்து கிடையாது என்றார். அவருக்குப் பின்னால் வந்த மருத்துவர் கேலன் உண்டு என்றார். பல நூற்றாண்டுகள் விவாதம் நடந்தது. அதில் பெண்களின் குரல் மட்டும் அநேகமாக இல்லை.

சுரப்பி இல்லாத இடத்தில் ஈரம்

பலருக்கு ஆச்சரியமாக இருக்கும் உண்மை இது: யோனியின் உட்சுவரில் ஈரத்தைச் சுரக்கும் சுரப்பிகளே கிடையாது. பிறகு எப்படி ஈரம் வருகிறது?

கோடையில் தண்ணீர் ஊற்றிவைத்த மண்பானையை நினைத்துக்கொள்ளலாம். பானையில் ஓட்டை இல்லை. ஆனாலும் வெளிப்புறம் ஈரமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியே தண்ணீர் கசிவதுதான் காரணம். யோனியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கிளர்ச்சி ஏற்படும்போது இடுப்புப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. யோனிச் சுவரைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிரம்பி, அழுத்தம் ஏறுகிறது. ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து ஒரு பங்கு வடிகட்டப்பட்டு, சுவரின் செல்களுக்கு இடையே புகுந்து உட்புறத்தில் சிறுசிறு துளிகளாக அரும்புகிறது. துளிகள் ஒன்றுசேர்ந்து வழவழப்பான படலமாகப் பரவுகின்றன.

அதாவது, ‘மதனநீர்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி ரத்தத்திலிருந்து வடிந்த நீர். தண்ணீர், உப்புகள், கொஞ்சம் புரதம். அவ்வளவுதான். அது வெளியேறுவதால் உடல் பலவீனமாகாது, ‘சத்து’ எதுவும் போய்விடாது.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆய்வு செய்த வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரும். அதுவரை, இந்த ஈரம் கருப்பை வாயிலிருந்தோ வாசல் சுரப்பிகளிலிருந்தோ வருகிறது என்றுதான் மருத்துவ நூல்களே எழுதிக்கொண்டிருந்தன. மாஸ்டர்ஸும் ஜான்சனும் ஒளிபுகும் கருவி ஒன்றை வைத்து யோனியின் உட்புறத்தை நேரடியாகக் கவனித்தார்கள். நெற்றியில் வியர்வை அரும்புவதைப்போல சுவரில் துளிகள் தோன்றுவதையும், தூண்டுதல் தொடங்கிய 10 முதல் 30 விநாடிகளுக்குள் அது ஆரம்பிப்பதையும் பதிவு செய்தார்கள். அவர்களின் புத்தகம் வெளிவந்தது 1966-ல். மனிதன் நிலவில் கால்வைப்பதற்கு வெறும் மூன்று வருடங்களுக்கு முன்புதான் மருத்துவ உலகம் இந்த அடிப்படையைத் தெரிந்துகொண்டது.

வாசலில் இரண்டு பட்டாணிகள்

யோனியின் வாசலில், கடிகார முகப்பில் 4 மணி, 8 மணி இருக்கும் இடங்களில் பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள் உண்டு. பார்தோலின் சுரப்பிகள் என்று பெயர். 17-ம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த டென்மார்க் உடற்கூறியலாளர் காஸ்பர் பார்தோலினின் பெயரே வைக்கப்பட்டது. இவை சுரக்கும் வழவழப்பு மிகக் குறைவு. வாசல் பகுதியை ஈரமாக வைத்திருக்க உதவும், அவ்வளவே.

இந்தச் சுரப்பியின் குழாய் சில சமயம் அடைத்துக்கொள்ளும். அப்போது ஒரு பக்கம் மட்டும் கட்டிபோல வீங்கும். சீழ் பிடித்தால் உட்காரக்கூட முடியாத வலி வரும். ‘அந்த இடத்தில் கட்டி’ என்றதும் பால்வினை நோயோ, ஒழுக்கக் கேடோ என்று பயந்து மறைக்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் இது குழாய் அடைப்பு மட்டுமே. மகளிர் மருத்துவரிடம் போனால் எளிதாகச் சரிசெய்யக்கூடியது. 40 வயதுக்கு மேல் புதிதாக வந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

‘பீய்ச்சி அடிப்பது’ என்ன?

ஆபாச வீடியோக்கள் கிளப்பிவிட்ட பெரிய குழப்பம் இது. உச்சத்தில் சில பெண்களுக்கு நிறைய நீர் வெளியேறுகிறது. அது என்ன, எல்லோருக்கும் வருமா, வரவில்லை என்றால் குறையா?

இங்கே இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. சிறுநீர்த் துளையின் இருபுறமும் ஸ்கீன் சுரப்பிகள் இருக்கின்றன. நெதர்லாந்தின் ரெக்னியர் டி கிராஃப் 1672-லேயே இந்தப் பகுதியைப் பற்றி எழுதி, ஆணின் புரோஸ்டேட் சுரப்பியோடு ஒப்பிட்டிருக்கிறார். 1880-ல் அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற அமெரிக்க மருத்துவர் மீண்டும் விவரித்ததால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆண்களின் புரோஸ்டேட் பரிசோதனையில் பார்க்கப்படும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் இந்தச் சுரப்பிகளிலும் உண்டு. சில பெண்களுக்கு உச்சத்தின்போது இங்கிருந்து பால்போன்ற கெட்டியான நீர் வெளிப்படும். அளவு மிகச் சிறியது.

நிறைய அளவில் பீய்ச்சி வருவது வேறு. பிரான்ஸ் ஆய்வாளர்கள் ஏழு பெண்களை வைத்து ஆய்வு செய்தார்கள். முதலில் சிறுநீர் கழிக்கச் சொல்லி, பை காலியாக இருப்பதை ஸ்கேனில் உறுதிப்படுத்தினார்கள். கிளர்ச்சியின்போது சிறுநீர்ப்பை வேகமாக நிரம்பியது. நீர் வெளியேறிய பிறகு மறுபடி காலியாக இருந்தது. ஜப்பானில் 2022-ல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. ஐந்து பெண்களின் சிறுநீர்ப்பைக்குள் நீல நிறச் சாயம் செலுத்தப்பட்டது. ஐந்து பேருக்குமே வெளிவந்த நீர் நீலமாக இருந்தது. நான்கு பேரின் நீரில் பி.எஸ்.ஏ. புரதமும் கலந்திருந்தது. ஆக, அந்த நீர் பெரும்பகுதி சிறுநீர்ப்பையிலிருந்து வருவது, பலருக்கு அதில் ஸ்கீன் சுரப்பியின் நீரும் கொஞ்சம் சேர்கிறது.

இவை சிறிய ஆய்வுகள்தான். ஆனால், முடிவுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. இதில் அசிங்கப்பட எதுவும் இல்லை. சாதனையாகக் கொண்டாடவும் எதுவும் இல்லை. சிலருக்கு நடக்கும், பலருக்கு நடக்காது. வீடியோவில் பார்த்ததை மனைவியிடமோ காதலியிடமோ எதிர்பார்ப்பது, சினிமா சண்டைக் காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டுச் சுவரை உடைக்கப் பார்ப்பதுபோலத்தான்.

வெள்ளைப்படுதல் வேறு கதை

கிளர்ச்சியே இல்லாமலும் ஈரம் இருக்கும். யோனியும் கருப்பை வாயும் தினமும் கொஞ்சம் திரவத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 1 முதல் 4 மில்லி வரை இருப்பது இயல்பு. கருமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டி இது முட்டையின் வெள்ளைக்கருபோலத் தெளிவாகவும், இழுத்தால் நூலாக நீளும் பதத்திலும் இருக்கும். மற்ற நாட்களில் கெட்டியாக, வெண்மையாக மாறும். யோனியில் வாழும் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உருவாக்குகிறது. அதனால் அங்கே பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை புளிப்பாக இருக்கும். கிருமிகளுக்கு எதிரான காவல் அது. லேசான புளித்த வாடை வருவதும் இதனால்தான்.

ஆனால், நம் ஊரில் வெள்ளைப்படுதல் என்றாலே ‘உடம்பு சூடு’, ‘எலும்பு உருகி வருது’ என்ற பயம். எலும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் நடத்தப்பட்டு 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று முக்கியமானது. வெள்ளைப்படுவதாகச் சொன்ன பெண்களிடம், கிருமித் தொற்றைவிட மனச்சோர்வு, பதற்றம் போன்ற மனநலப் பிரச்சினைகளோடுதான் அந்தப் புகார் நெருக்கமாகத் தொடர்புபட்டிருந்தது. வேறு வார்த்தையில் சொல்ல முடியாத துயரத்தைப் பெண்கள் உடலின் மொழியில் சொல்கிறார்கள். பதிலுக்கு அவர்களுக்குக் கிடைப்பது ஆன்டிபயாடிக் மாத்திரையும் ‘சூடு தணிக்கும்’ லேகியமும்.

இன்னொரு பக்கம், இயல்பான ஈரத்தையே அழுக்காகச் சித்திரித்து வியாபாரம் நடக்கிறது. வாசனை வாஷ், ஸ்ப்ரே, உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பழக்கம் எல்லாம் நல்ல பாக்டீரியாவை அழித்து, தொற்றுக்கு வழிவிடுகின்றன. யோனியின் உட்புறம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்புறத்துக்குச் சாதாரண தண்ணீரே போதும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? மீன்வாடையுடன் சாம்பல் நிறத்தில் வந்தால், தயிர்போலத் திரிந்து அரிப்புடன் வந்தால், பச்சை அல்லது மஞ்சள் நிறத்தில் நுரையுடன் வந்தால், ரத்தம் கலந்திருந்தால், அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால். மாதவிடாய் நின்றபிறகு ரத்தக் கறை பட்டால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஈரம் சம்மதம் ஆகாது

இனி, மிக முக்கியமான விஷயம். ஈரம் என்பது ரத்த ஓட்டத்தின் விளைவு. ரத்த ஓட்டத்தை நடத்துவது, பெண்ணின் முடிவுக்குக் காத்திருக்காமல் தானாக இயங்கும் நரம்பு மண்டலம். காரமான ஊறுகாயைப் பார்த்தால் பசி இல்லாவிட்டாலும் நாக்கில் எச்சில் ஊறும். அதற்காக அவருக்குச் சாப்பிட விருப்பம் என்று வாயைத் திறந்து ஊட்டிவிட முடியுமா?

2010-ல் வெளியான ஓர் ஆய்வு, 132 ஆய்வகச் சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. ‘எனக்குக் கிளர்ச்சி இருக்கிறது’ என்று ஒருவர் சொல்வதும், அவரது பிறப்புறுப்பில் அளவிடப்படும் மாற்றமும் எந்த அளவு ஒத்துப்போகின்றன என்பது கேள்வி. முழுப் பொருத்தம் என்றால் 1. ஆண்களுக்குக் கிடைத்த அளவு 0.66. பெண்களுக்கு 0.26 மட்டுமே. அதாவது, பெண்களின் உடல் சொல்வதும் மனம் சொல்வதும் பல நேரங்களில் வேறு வேறு.

இதை மருந்து கம்பெனியும் பணம் செலவழித்துத்தான் தெரிந்துகொண்டது. ஆண்களுக்கு வெற்றியடைந்த வயாகராவைப் பெண்களுக்கும் கொண்டுவர ஃபைசர் நிறுவனம் பல ஆண்டுகள் முயன்றது. சுமார் 3,000 பெண்களிடம் சோதனைகள் நடந்தன. ரத்த ஓட்டத்தைக் கூட்டினால் ஆசை தானாக வந்துவிடவில்லை. 2004-ல் முயற்சி கைவிடப்பட்டது.

இந்த உண்மை ஆய்வகத்தோடு நிற்கும் விஷயமில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான சில பெண்களுக்கு அந்த நேரத்திலும் உடலில் ஈரம் ஊறியிருக்கும். அது விருப்பத்தின் அடையாளம் இல்லை. காயத்தைக் குறைக்க உடல் தானாகச் செய்யும் ஏற்பாடாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதை யாரும் சொல்லித்தராததால், ‘அப்படியானால் நானும் விரும்பினேனா?’ என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். புகார் கொடுக்காமல் போவதற்கு இந்த வெட்கமும் ஒரு காரணமாகிவிடுகிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு, சம்மதம் என்பதைச் சொல்லாலோ சைகையாலோ ஐயமின்றித் தெரிவிக்கப்படும் மனப்பூர்வமான ஒப்புதல் என்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கருதக் கூடாது என்றும் சொல்கிறது. பெண்ணின் உடலைத் தொட்டு அவள் ‘அனுபவத்தை’ கணிக்கும் இருவிரல் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்தது. தசை நெகிழ்வை வைத்து ஒரு பெண்ணின் கடந்தகாலத்தைப் படிக்க முடியாது என்றால், ஈரத்தை வைத்து மட்டும் எப்படிப் படிக்க முடியும்?

அதே 63-வது பிரிவு, 18 வயதுக்குக் குறையாத மனைவியின் விஷயத்தில் கணவனுக்கு விலக்கு அளிக்கிறது. அதனாலேயே படுக்கையறைக்குள் கேள்வி கேட்கும் பொறுப்பு கணவன்மீது கூடுதலாக விழுகிறது. சட்டம் கேட்காத இடத்தில், ‘உனக்கு இப்போ வேணுமா?’ என்று அவன்தான் கேட்க வேண்டும். பதிலை அவள் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

வறட்சி வெறுப்பு ஆகாது

எதிர்ப்பக்கமும் உண்மைதான். முழு ஆசை இருந்தும் ஈரம் வராமல் போகலாம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தால் யோனிச் சுவர் மெலிந்து வறண்டுவிடும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும், மாதவிடாய் நிற்கும் காலத்திலும், சூலகங்களை எடுத்தபிறகும், சில புற்றுநோய்ச் சிகிச்சைகளின்போதும் இது நடக்கும். அலர்ஜிக்கும் சளிக்கும் போடும் சில மாத்திரைகள், மனச்சோர்வு மருந்துகள், சிலருக்குக் கருத்தடை மாத்திரைகள்கூட வறட்சியை உண்டாக்கும். சர்க்கரை நோய், தூக்கமின்மை, ஆபீஸ் டென்ஷன், பக்கத்து அறையில் மாமியார் இருக்கிறாரே என்ற பதற்றம் எல்லாமே பங்கு வகிக்கும். எதுவுமே இல்லாமல், வெறும் அவசரமும் காரணமாக இருக்கலாம்.

குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆன ஒரு பெண், வலி தாங்காமல் விலகிப் படுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஹார்மோன் பற்றித் தெரியாத வீட்டில் அது ‘குழந்தை வந்ததும் புருஷன் வேண்டாம்னு ஆயிடுச்சு’ என்ற சண்டையாகிறது. தெரிந்த வீட்டில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு லூப்ரிகன்ட் ட்யூபோடு பிரச்சினையின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

லூப்ரிகன்ட் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் உள்ளிட்ட எந்த எண்ணெயும் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் நீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான லூப்ரிகன்ட்டை வாங்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்கு, உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் கிரீமை மருத்துவர் பரிந்துரைக்கலாம். ‘வயசாயிடுச்சு, இனி எதுக்கு?’ என்று வலியோடு வாழ வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கேட்டால் தெரிந்துவிடும்

டாக்டரிடம் நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால், தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் முகம் காட்டாமல் பேசலாம். ‘அங்கே’, ‘அந்த இடம்’, ‘அது’ என்று சுற்றி வளைக்காமல் யோனி, சிறுநீர்த் துளை, கருப்பை வாய் என்று பெயர் சொல்லிப் பேசப் பழகினால், மருத்துவருக்கும் சரியான பதில் சொல்வது எளிது.

மற்றபடி, பெண்ணின் ஆசையைத் தெரிந்துகொள்ள ஆய்வகமோ ஸ்கேனோ தேவையில்லை. ஈரம் அவள் ரத்த ஓட்டத்தையும், ஹார்மோனையும், மாத்திரைகளையும், அந்த மாதத்தின் தேதியையும் பற்றி ஏதாவது சொல்லலாம். அவளுக்குப் பிடித்திருக்கிறதா, முன்பு யாரோடு இருந்தாள், இப்போது சம்மதமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதனிடம் பதில் கிடையாது. இரண்டாவது கேள்வியைக் கேட்க யாருக்கும் தேவை இல்லை. மற்ற இரண்டையும் அவளிடமே கேட்டுவிடலாம்.